குறுக்கே ஒரு மான் வந்தால்

எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் கதைகளுள் ஒன்று யாவரும் அறிந்தது. அரசனின் ஒரே மகன் திசவாவிக்குத் தேரிலே செல்கின்றான். வழியில் தாய்ப்பசுவோடு படுத்திருந்த இளங்கன்று ஒன்று தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டு இறந்துபோகின்றது. பசு அரண்மனைக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைக்க, அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்கின்றான். இதே நிகழ்ச்சியைத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் மீது ஏற்றிப் பெரியபுராணம் பாடும். அங்கே இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் எழுப்பியருளுகின்றான்.

யாழ்ப்பாணத்திலே நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஏழாம் வகுப்புக்கு இக்கதையை ஆண்டுதோறும் படிப்பித்தேன். ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தேரோட்டி ஏன் பிறேக் பிடிக்கேல்லை?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, நீதியைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தேன். கனடாவுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டிய பின்னர், அவன் கேட்டதே சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகின்றது. தேர் என்ன வேகத்தில் வந்தது? கன்று எவ்வளவு தூரத்தில் கண்ணிற் பட்டது? தேரோட்டி அக்கணத்தில் என்ன செய்தான்?

இதனை எழுதத் தூண்டியது என் ஊரவர் ஒருவருக்கு நேர்ந்த துயரம். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நவம்பர் மாத மாலையில், ஒட்டாவாவில் உறவினர் வீட்டுச் சடங்கொன்றிற் கலந்துகொண்டுவிட்டு, மனைவியோடும் மகளோடும் நெடுஞ்சாலை 7 வழியாக ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அது இருமருங்கும் காடும் ஏரியுமாக நீளும் இருவழிப் பாதை. இருள் சூழ்ந்த சற்று நேரத்தில் வலப்புறக் காட்டிலிருந்து மான் ஒன்று பாய்ந்தது. அவர் காரைத் திருப்பினார். வலப்பக்கச் சில்லுகள் கரையிலுள்ள சரளைக் கல்லில் ஏறின. பதற்றத்தில் மறுபுறம் திருப்பினார். கார் உருண்டு பள்ளத்தில் வீழ்ந்தது. மகளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி 11 நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்து இறந்தார். மானுக்கு ஒரு கீறலும் இல்லை. அது எதிர்ப்புறக் காட்டுக்குள் போய்விட்டது என்று பின்னால் வந்த லொறிச் சாரதி சொன்னாராம்.

செத்தவீட்டிலே என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகின்றேன். "மாஸ்ரர், நான் யோசிக்கேல்லை. கை தன்ர பாட்டில திரும்பிப் போச்சு."

கை ஏன் தன்பாட்டில் திரும்பியது என்பதைப் பற்றி நான் பலநாட்கள் சிந்தித்தேன். எமது கைகள் எங்கே பழகியவை என்பதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஊரிலே நாம் சைக்கிளும், எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும், பழைய ஏ-40 காரும் ஓட்டியவர்கள். வேகம் மணிக்கு முப்பது, மிஞ்சினால் நாற்பது கிலோமீற்றர். பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் குடித்து ஓடிய அந்த நாட்களில் அதுகூட இல்லை. ஒழுங்கைகளில் எதிர்ப்படும் உயிர்கள் ஒவ்வொன்றின் குணமும் எமக்கு அத்துப்படி. ஆடு கடைசி நேரத்திற் பாயும். நாய் பாதி தூரம் போய்த் திரும்பி வரும். கோழி எந்தப் பக்கம் ஓடும் என்பது அதற்கே தெரியாது. இரவில் சூடான தார்வீதியிற் படுத்து அசைபோடும் மாடு எவருக்கும் எழும்பாது, நாம்தான் சுற்றிப் போகவேண்டும். எனவே விலங்கைக் கண்டதும் கைபிடியை வெட்டித் திருப்புவது எமக்கு இரண்டாம் இயல்பாகிவிட்டது. அந்த வேகத்தில் அது சரியான செயலும்கூட. தவறினால் வேலியில் மோதி முழங்கால் உரசும், அவ்வளவுதான்.

அதே கை இன்று மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கின்றது. பழக்கம் மாத்திரம் மாறவில்லை. அந்தப் பழக்கத்தின் பின்னால் இன்னொன்றும் இருக்கின்றது. வாயில்லாச் சீவனை அடித்தால் பாவம் என்று பாலோடு ஊட்டப்பட்ட உணர்வு அது. அந்த உணர்வை நான் குறை கூறவில்லை. ஆயினும் பின்னிருக்கையிற் பிள்ளையை வைத்துக்கொண்டு, மானுக்காகக் காரைப் பள்ளத்தில் இறக்குவதைச் சீவகாருண்யம் என்று எந்தச் சமயமும் சொன்னதாக நான் அறியேன்.

ஒன்ராறியோவில் வாகனம் ஓட்டப் பழக்குவோர் கூறும் விதி மிகச் சுருக்கமானது. பிறேக்கை உறுதியாக அழுத்துங்கள். ஸ்ரியரிங்கை நேராகப் பிடியுங்கள். உங்கள் பாதையை விட்டு விலகாதீர்கள். மோதல் தவிர்க்க முடியாததாயினும் அப்படித்தான். ஒவ்வொரு மீற்றர் பிறேக்கும் மோதலின் வேகத்தைக் குறைக்கின்றது. முன்புறம் மோதும்போது காரின் முகப்பும், இருக்கைப் பட்டியும், காற்றுப் பையும் உங்களைக் காக்க அமைக்கப்பட்டுள்ளன. பக்கவாட்டில் மரத்தோடு மோதினாலோ, எதிரே வரும் பாரஊர்தியின் பாதையிற் புகுந்தாலோ அவை பெரிதும் உதவ மாட்டா. அணிலுக்கும் ரக்கூனுக்கும் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பின்னால் வாகனம் இல்லையெனில் பிறேக் பிடிக்கலாம். இருந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நேரே போகவேண்டியதுதான். எழுதவே கை கூசுகின்றது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

இரக்கம் எவ்வளவு பெரிய அழிவைத் தரும் என்பதற்குக் கியூபெக்கில் நடந்த நிகழ்ச்சி ஒன்று போதும். 2010 ஜூன் மாதத்தில், மொன்றியலுக்குத் தெற்கே காண்டியாக் என்னும் இடத்தில், நெடுஞ்சாலையோரம் தாராக் குஞ்சுகள் சிலவற்றைக் கண்ட இளம்பெண் ஒருவர், அவற்றைக் காப்பாற்றும் எண்ணத்துடன் இடதுகரைப் பாதையிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தந்தையும் அவருடைய 16 வயது மகளும் நின்ற காரில் மோதி உயிரிழந்தனர். 2014இல் நீதிமன்றம் அப்பெண்ணைக் குற்றவாளியாகக் கண்டது. வார இறுதிகளில் அனுபவிக்கும் 90 நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு பேர் தாராக் குஞ்சுக்காக இறந்தார்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பெண்ணின் இடத்தில் எம்மில் எத்தனை பேர் நின்றிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் கனடா வாத்துகள் குஞ்சுகளோடு வரிசையாக வீதியைக் கடப்பதை ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாளும் காண்கின்றோம். சிறுவீதியில் மெதுவாக வரும்பொழுது நிறுத்தி வழிவிடுவது வேறு, நெடுஞ்சாலையில் நிறுத்துவது வேறு.

மானைப் பற்றிச் சிறிது. தென் ஒன்ராறியோவில் நாம் காண்பது வெண்வால் மான். விடியும் பொழுதிலும் அந்தி மங்கும் பொழுதிலும் அதன் நடமாட்டம் மிகுதி. அக்டோபர், நவம்பர் மாதங்கள் அதன் இணைசேரும் காலமாதலால் தன்னை மறந்து ஓடும். அதே நாட்களிலேதான் கடிகாரம் பின்னோக்கி மாற்றப்பட்டு, எம்மவரின் வேலைவிட்டு வரும் நேரம் இருட்டோடு ஒன்றிப்போகின்றது. மான் தனியே வருவது அரிது. முதல் மான் கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டுபவர் இரண்டாவது மானின் மீதுதான் மோதுகின்றார். வீதியின் நடுவே வெளிச்சத்தில் மயங்கி அசையாது நிற்பதும் அதன் இயல்பு. அவ்வேளை ஹோர்ணைத் தொடர்ந்து அழுத்தாது, விட்டுவிட்டுச் சிறிதாக ஒலிக்கச் செய்தால் அகலக்கூடும். காரின் முன்னே ஒட்டும் மான் விசில் என்று ஒரு பொருள் விற்கின்றார்கள். நானும் ஒரு சோடி வாங்கிப் பொருத்தினேன். அதனாற் பயன் உண்டென்று ஆய்வுகள் காட்டவில்லை என்பதைப் பின்னரே வாசித்தேன்.

மூஸ் என்பது வேறு கதை. வன்னிக் காட்டில் மரையைப் பார்த்தவர்கள், அதனிலும் இருமடங்கு பாரமான ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோளுயரம் இரண்டு மீற்றர் அளவு, எடை நானூறு ஐந்நூறு கிலோ. இந்த எடை முழுவதும் நீண்ட, மெல்லிய நான்கு கால்களின் மேலே இருக்கின்றது. கார் மோதுவது கால்களில். உடலோ முன்மூடிக்கு மேலாக வந்து முன்கண்ணாடியிலும் கூரையிலும் விழுகின்றது. முன்னிருக்கையில் இருப்பவர்களின் தலையும் கழுத்துமே அதைத் தாங்குகின்றன. அதன் மயிர் கரும்பழுப்பு. கண்கள் முகப்பு வெளிச்சத்தின் மட்டத்துக்கு மேலே இருப்பதனால் மானின் கண்போல மினுங்குவதும் குறைவு. இருட்டில் இருட்டாகவே நிற்கும். ஆகவேதான் வட ஒன்ராறியோவின் மஞ்சள் நிற அறிவிப்புப் பலகைகளில் மூஸின் உருவத்தோடு இரவில் அபாயம் என்று பொறித்திருக்கின்றார்கள். மோதல் உறுதியாகிவிட்டால், பிறேக்கை விடாது, அது வந்த திசைப்பக்கமாக, உங்கள் பாதைக்குள்ளேயே இயன்ற அளவு ஒதுங்கி, உடலை இருக்கையில் இயன்றவரை தாழ்த்திக்கொள்ளும்படி கூறுவர்.

மூஸ் வீதிக்கு வருவதற்கு நாமும் ஒரு காரணம். மாரிகாலம் முழுவதும் பனிக்கட்டியைக் கரைக்க வீதிகளில் உப்புக் கொட்டப்படுகின்றது. வசந்தத்தில் அவ்வுப்பு கரைந்து ஓரத்துப் பள்ளங்களிற் தேங்குகின்றது. குளிர்காலத்தில் மரக்கிளைகளைத் தின்று உப்புச்சத்து இன்றி வாடிய விலங்கு அந்த நீரைத் தேடி வருகின்றது. அல்கொன்குயின் பூங்காவை ஊடறுக்கும் நெடுஞ்சாலை 60இல் மே, ஜூன் மாதங்களில் வண்டிகளை நிறுத்திப் படம் பிடிப்பவர்களைக் காணலாம். அவர்களையும் கவனித்து ஓட்டவேண்டும். அதே காலத்தில், புதிய கன்று பிறக்குமுன் தாய் சென்ற ஆண்டுக் கன்றைத் துரத்திவிடுகின்றது. போக்கிடம் தெரியாது அலையும் அந்த இளசுகள்தாம் பெரும்பாலும் வீதியில் அகப்படுகின்றன. போக்கிடம் தெரியாது அலைதல் எமக்குப் புதிதன்று.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மூஸ் பூர்வீக விலங்கன்று. 1904ஆம் ஆண்டு நியூபிரன்ஸ்விக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட நான்கிலிருந்து பெருகியவையே இன்று அத்தீவை நிறைத்து, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான வீதி மோதல்களுக்குக் காரணமாகின்றன. 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள், உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எம்மவர் 155 பேரை அத்தீவின் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அந்த இடத்தைப் பார்க்கவென்று குடும்பமாகச் செல்வோர் இருக்கின்றார்கள். செல்பவர்கள் இரவில் ஓட்டாதிருப்பது நன்று. அந்நாட்டவரே இயன்றவரை அதைத் தவிர்க்கின்றார்கள்.

வேகக் கணக்கொன்றைச் சொல்லியாக வேண்டும். கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதனை மகன்தான் தாளில் எழுதிக் காட்டினான். மணிக்கு நூறு கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர். கண்டு, உணர்ந்து, கால் பிறேக்கிற்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் அதிலேயே 42 மீற்றர் கழிந்துவிடும். உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் ஐம்பது மீற்றர் அளவு வேண்டும். கூட்டினால் தொண்ணூறுக்கு மேல். தாழ்ந்த முகப்பு வெளிச்சமோ அவ்வளவு தூரத்துக்குத் தெளிவாகக் காட்டுவதில்லை. வேகத்தை எண்பதாகக் குறைத்தால் மொத்தத் தூரம் 65 மீற்றர் அளவுக்கு வந்துவிடுகின்றது. இருபது கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ முப்பது மீற்றர் இலாபம். என் ஊரவரின் குடும்பத்துக்கு அந்த முப்பது மீற்றர் கிடைத்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. எதிரே வாகனம் இல்லாத வேளைகளில் உயர்வெளிச்சத்தைப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் உறங்காது வீதியின் கரைகளைப் பார்த்து வரட்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மனைவிக்குரியது. ஒவ்வொரு தபாற்பெட்டியையும் மான் என்று கூவுவார். நான் குறைப்பட்டதில்லை.

மோட்டார் சைக்கிள் வாங்கும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. காரிலே மானை மோதினால் பெரும்பாலும் இழப்பது முகப்பை. இரண்டு சில்லில் இழப்பது உயிரை. அந்தி வேளையில் காட்டுவழிச் சவாரியைத் தவிருங்கள். கூட்டமாகப் போகும்போது இடைவெளி விட்டுச் செல்லுங்கள், ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் அவர்மேல் ஏறாதிருக்க வேண்டும். விலங்கு தென்பட்டால் வண்டியை நிமிர்த்தி நேராக வைத்துக்கொண்டு, இரண்டு பிறேக்கையும் படிப்படியாக இறுக்கிப் பிடியுங்கள். சரிந்த நிலையில் சடுதியாகப் பிடித்தால் வண்டி வழுக்கும். நாய் துரத்தினால் காலால் உதைக்கும் எங்கள் ஊர்ப்பழக்கம் இங்கும் தொடர்வதாகக் கேள்விப்படுகின்றேன். உதைப்பவனே சமநிலை இழக்கின்றான். நாயை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, அது உங்களை மறிக்கக் குறிவைத்த இடத்தை அண்மித்ததும் வேகத்தைக் கூட்டிவிட்டால் அதன் கணக்குப் பிழைத்துப்போகும்.

வோட்டர்லூ, சென் ஜேக்கப்ஸ் பக்கம் சந்தைக்குப் போகின்றவர்கள் மெனோனைற் மக்களின் குதிரை வண்டிகளைக் கண்டிருப்பீர்கள். குதிரையை மிரளச் செய்யாதவாறு அணுகவேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். ஹோர்ண் வேண்டாம். மாட்டுவண்டியின் பின்னே சைக்கிளில் பொறுமையாகச் சென்ற நாட்களை நினைத்துக்கொண்டு, அகல விலகி மெதுவாகக் கடவுங்கள்.

இனி, மோதிவிட்டால் என்ன செய்வது? அபாய விளக்குகளைப் போட்டுக் கரையில் நிறுத்துங்கள். காயப்பட்ட விலங்கிடம் போகாதீர்கள். தண்ணீர் பருக்கப் போன ஒருவரை மானின் குளம்பு பதம்பார்த்த கதை எனக்குத் தெரியும். எவருக்கேனும் காயம் ஏற்பட்டாலோ, விலங்கு வீதியை மறித்துக் கிடந்தாலோ 911ஐ அழையுங்கள். அவசரமில்லையெனில் மாகாணப் பொலிஸாரின் இலக்கம் 1-888-310-1122. பொலிஸார் என்றதும் நெஞ்சு படபடக்கும் வழக்கம் எம்மில் பலருக்கு இன்னும் விடவில்லை. அகதி வழக்கு முடியாதவர்கள் சிலர், பெயர் பதிவாகிவிடும் என்று அஞ்சி உடைந்த காரோடு வீடு வந்து சேர்கின்றார்கள். மான் குறுக்கே வந்தது எவருடைய குற்றமும் அன்று. அதை அறிவிப்பதால் அகதி வழக்குக்கு ஊறு நேராது. அறிவிக்காது வந்தால் காப்புறுதிக் கோரிக்கைதான் சிக்கலாகும்.

காப்புறுதி பற்றி அநேகர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. விலங்கோடு மோதினால் உண்டாகும் சேதம் கொம்ப்ரிஹென்சிவ் என்னும் பிரிவின் கீழ் வரும். அது உங்கள் பிழையாகக் கொள்ளப்படுவதில்லை. விலங்கைத் தவிர்க்கப்போய் மரத்திலோ மதிலிலோ மோதினால் அது கொலிஷன் பிரிவு. பெரும்பாலும் உங்கள் பிழையென்றே பதியப்பட்டுக் கட்டணமும் உயரும். இவ்விரு பிரிவுகளும் ஒன்ராறியோவில் கட்டாயமானவை அல்ல. பழைய கார்தானே என்று மாதத்துக்குச் சில டொலர்களை மிச்சம் பிடிக்க இவற்றை நீக்கியவர்கள், தாளை எடுத்து ஒருமுறை பார்ப்பது நன்று. என் ஊரவரின் விபத்தும் அவருடைய பிழையென்றே எழுதப்பட்டது. மனைவியை இழந்தவருக்கு அந்தக் கடிதம் எட்டாம் நாள் வந்தது.

ஒரு வாசகர் கேட்பார் என்பதனால் இதையும் சொல்லிவிடுகின்றேன்: அடிபட்டு இறந்த மானை ஒன்ராறியோவில் வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் இயற்கைவள அமைச்சுக்கு முறைப்படி அறிவிக்கவேண்டும். வன்னியின் மான்வற்றலை நினைத்து நாவூறுபவர்கள் விதிகளை முதலில் விசாரித்துக்கொள்க.

அரசும் சும்மா இருக்கவில்லை. அல்பேர்ட்டாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் வேலியடைத்து, விலங்குகள் கடப்பதற்கென மேம்பாலங்களும் சுரங்கவழிகளும் அமைத்ததனால் மோதல்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தன. சட்பரிக்குத் தெற்கே நெடுஞ்சாலை 69இல் 2012ஆம் ஆண்டு அத்தகைய பாலம் ஒன்று கட்டப்பட்டது. ஒன்ராறியோவில் அதுவே முதலாவது. மேலே வாகனம் எதுவும் ஓடாது, மண் நிரப்பிப் புல் வளர்த்த அகன்ற பாலம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் சட்பரியிலிருந்து மகனோடு அவ்வழியே திரும்பினேன். பாலத்தையும் வேலியையும் கடந்து, பிரெஞ்ச் ஆற்றையும் தாண்டி, பாதை இருவழியாகச் சுருங்கும் பகுதிக்கு வந்தபோது இரவு ஒன்பதரை மணி. மகன்தான் ஓட்டினான். எண்பதுக்கு மேல் போகாதே என்று நான் சொன்னதை முகம் சுளித்துக்கொண்டு கேட்டிருந்தான். ஒரு வளைவு கழிந்ததும், வீதியின் குறுக்கே கறுப்பாக ஏதோ நின்றது. என் கைகள் இல்லாத ஸ்ரியரிங்கைத் தேடி இடப்புறம் திரும்பின. அவனுடைய கைகள் அசையவில்லை. பிறேக் அதிர, கார் நேராகப் போய் நின்றது. இருபது அடி தூரத்தில் மூஸ் ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. பின்னர் அவசரமின்றி மறுபுறக் காட்டுக்குள் இறங்கியது.

அவன் பிறேக்கிலிருந்து காலை எடுக்கப் போனான். "பொறு தம்பி" என்றேன். அபாய விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன, பின்னால் எவரும் இல்லை. அரை நிமிடம் கழிந்திருக்கும். பள்ளத்திலிருந்து, நிற்கவே பழகாத கால்களோடு, செந்நிறக் கன்று ஒன்று மேலேறி வந்து வெளிச்சத்தில் தயங்கியது. மகன் முகப்பு வெளிச்சத்தைத் தாழ்த்தினான். அது கடந்து தாயிடம் போன பிறகே காரை எடுத்தோம்.